கடைசிப் படகுக்குப் பிறகு ஒரு வகுப்பு

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகும் காலைப் படகுக்கு நின்ற கூட்டத்தில் நிறையப் பேர் ஆசிரியர்கள். விடியுமுன்னே யாழ்ப்பாணத்தில் பஸ் பிடித்தவர்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார்கள். ஒரு தோளில் சாப்பாட்டுப் பை, மறு தோளில் பிள்ளைகளின் கொப்பிகள். துறையில் அணைத்து நின்ற ஒரு படகின் விளிம்பிலிருந்து அடுத்த படகுக்குக் கால் மாற்றி, குறுகலான படியில் இறங்கி, பலகை இருக்கைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகள் கைமாறின. இயந்திரம் கிளம்பியதும் என் பக்கத்தில் இருந்த ஆசிரியை பையைத் திறந்து கொப்பி திருத்த ஆரம்பித்தார். அலை தூக்கிப் போட்டபோதும் சிவப்புப் பேனா நிற்கவில்லை. நடுக்கடலில் ஒருவர் பின்னக் கணக்குக்குச் சரி போடுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்திருந்தேன். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊர்களில், பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறவள் நான். அதனால் எந்த ஊருக்குப் போனாலும், கோயில் கோபுரத்துக்கு அடுத்தபடி கண் தேடுவது பள்ளி நேரத்தில் தெருவில் நிற்கும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளை. நயினாதீவுக்கு நாகபூஷணி அம்மனைக் கும்பிடத்தான் கிளம்பினேன்.

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைப் பாலம் ஏறியதுமே தரை தாழ்ந்துவிடுகிறது. இருபுறமும் முழங்கால் ஆழக் கடல். கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். கம்புக்கு ஒன்றாக நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்கின்றன. அல்லைப்பிட்டி, வேலணை தாண்டினால் வேலணையையும் புங்குடுதீவையும் சேர்க்கும் நீண்ட தாம்போதி. அது வரவேண்டும் என்று பாடுபட்ட புங்குடுதீவு வாணர் சகோதரர்களின் பெயரால் வாணர் பாலம் என்கிறார்கள். புங்குடுதீவுக்குள் போனால் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. கூரை போன கல்வீடுகள். தூண் வேலைப்பாடு அப்படியே இருக்க, நடுக்கூடத்தில் மரம் வளர்ந்து நிற்கிறது. 1990இலும் 1991இலும் போர் இந்தத் தீவுகளுக்குள் வந்தபோது கிளம்பியவர்களில் பலர் திரும்பவேயில்லை. லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் டொராண்டோவிலும் புங்குடுதீவு இருக்கிறது என்று பஸ்ஸில் ஒரு முதியவர் சொன்னார்.

சாலை குறிகட்டுவானோடு முடிகிறது. அதற்குமேல் கடல், ஏறக்குறைய இருபது நிமிடம். தண்ணீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து கிடக்கிறது. முதலில் தெரிவது ராஜகோபுரம். கொஞ்சம் தள்ளி நாகதீப விகாரையின் தூபி. இரண்டுக்கும் தனித்தனி இறங்குதுறை. நாலு சதுர கிலோமீட்டர் சொச்சம் நிலம், இரண்டாயிரத்து ஐநூறு பேர் அளவில் குடிகள். ஆனால் போயா எனப்படும் முழுநிலா நாளிலும், ஆனி மாதத் திருவிழாவிலும் அதைப்போலப் பல மடங்கு பேர் வந்து இறங்குகிறார்கள். தெற்கிலிருந்து வெள்ளை உடுத்திய சிங்கள யாத்திரிகர்கள் விகாரையைக் கும்பிட்டுவிட்டு அம்மன் வாசலுக்கும் வந்து தேங்காய் உடைப்பதைப் பார்த்தேன். போர் நடந்த நாட்டில் இந்த ஒரு தெருவில் இரண்டு கூட்டமும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றாக நடக்கின்றன. அதைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வரலாம்.

மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதான் என்பது தீவு மக்களின் உறுதியான நம்பிக்கை. ஆராய்ச்சியாளரிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு மணிமேகலையைவிட ஆபுத்திரன்தான் அங்கே நினைவில் நின்றான். பிறந்த உடனே கைவிடப்பட்டவன். வளர்த்த ஊரும் அவனைத் துரத்தியது. மதுரையில் பிச்சை எடுத்து, அதையும் குருடருக்கும் முடவருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை உண்டவன். அவனுக்கு அமுதசுரபியைக் கொடுத்தது கல்விக்குரிய சிந்தாதேவி என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறிய அவன், காற்றுக்கு ஒதுங்கி மணிபல்லவத்தில் நின்ற கப்பலிலிருந்து இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இரவில் கப்பல் போய்விட்டது. ஊரையே ஊட்டக்கூடிய பாத்திரம் கையில் இருந்தும், ஆளில்லாத தீவில் அதற்குப் பயனில்லாமல், கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டான். ஏறிவிட்டான் என்று கப்பல்காரர்கள் நம்பியதுதான் அந்தக் கதையில் என்னை வாட்டுகிற இடம். எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இறங்குதுறையில் அந்தப் பையனைப் பார்த்தேன். பதினேழு வயதிருக்கும். வந்து அணைகிற படகின் கயிற்றைப் பிடித்துக் கட்டி, கிழவிகளைக் கைத்தாங்கலாக இறக்கி, அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று சிங்களத்தில் கேட்டவர்களுக்குச் சரளமான சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு குடும்பம் பத்துப் பேருக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டியது. மனக்கணக்கில் மிச்சத்தைச் சொன்னான். பள்ளி நேரம்.

"ஸ்கூலுக்குப் போகலையா தம்பி?" என்றேன்.

"ஓ.எல். எடுத்தனான் அன்ரி. கணக்கு வரேல்லை. பிறகு போகேல்லை."

"மறுபடி எழுதலாமே?"

"எழுதலாம்தான். ஆர் படிப்பிக்கிறது? ரியூசன் எண்டால் யாழ்ப்பாணம் போகோணும். பின்னேர வகுப்பு முடிஞ்சு வெளிக்கிட்டால் கடைசி போட் போயிடும்."

சொல்லிவிட்டு அடுத்த படகின் கயிற்றைப் பிடிக்க ஓடினான். ஓ.எல். என்றால் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை. என் ஊர்ப் பிள்ளைகளிடம் இதே கேள்விக்கு நூறு விதமான பதில் கேட்டிருக்கிறேன். படகு நேரம் என்ற பதில் புதிது. காலையில் பார்த்த ஆசிரியர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் பள்ளி விட்டதும் பகல் படகுக்கு ஓடவேண்டியவர்கள். பஸ்ஸும் படகும் சேர்த்தால் வீடு போக இரண்டு மணி நேரம் ஆகலாம். அவர்களிடம் போய், மாலை ஆறு மணிக்கு மேல் இந்தப் பையனுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று யார் கேட்க முடியும்? படகுக்காரர் தீர்மானிக்கிற நேரத்துக்குள்தான் இந்தத் தீவில் கல்வி நடக்கிறது.

கோயிலில் அன்னதானத்துக்கு உட்கார்ந்தபோது பரிமாறிய ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீங்கள் ரீச்சரம்மாவைப் பாக்கேல்லையோ?" என்று கேட்டார். தீவிலேயே பிறந்து, பல ஊர்களில் படிப்பித்து, ஓய்வுபெற்றுத் திரும்பி வந்தவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ரீச்சர் என்றே எழுதுகிறேன்.

வீடு பனங்கூடலுக்குப் பக்கத்தில். பனைமட்டை வேலி. மாலையில் போனேன், கடைசிப் படகு போய்விட்டிருந்தது. யாத்திரிகர் கூட்டம் வடிந்து, தீவு தன் மக்களோடு மட்டும் இருந்த நேரம்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

விறாந்தையில் பாய் விரித்து ஆறேழு பேர். வலை வேலைக்குப் போகிறவர்கள் இருவர். கடலட்டைப் பண்ணையில் இரவுக் காவலுக்குப் போகவேண்டிய ஒருவன், நேரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினான். ஒரு பெண் பிள்ளை. பாட்டியைப் பார்க்க ஆளில்லாமல் படிப்பை நிறுத்தியவள். காலையில் கயிறு பிடித்த பையனும் கொஞ்ச நேரத்தில் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றான். ரீச்சர் அவனை ஏற்கெனவே தெரிந்தவர்தான். "உள்ள வாடா, கால் கழுவிப்போட்டு" என்று மட்டும் சொன்னார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட எவ்வளவு அனுபவம் வேண்டும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பாடம் எண்ணெயில் தொடங்கியது. வலை வேலைக்குப் போகும் பையனைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இவனுக்கு விகிதம் விளங்கேல்லை எண்டு ரிப்போட்டில எழுதியிருக்கு. வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் கலக்கிறது இவன்தான். இருபது லீற்றருக்கு எவ்வளவடா?"

"நானூறு மில்லி ரீச்சர்."

"பத்து லீற்றர்தான் இருந்தால்?"

"இருநூறு."

"அப்ப ஒரு பங்கு எண்ணெய்க்கு எத்தினை பங்கு எரிபொருள்?"

பையன் விரலை மடக்கினான். ஐம்பது என்றான். ரீச்சர் கொப்பியை வாங்கி 1 : 50 என்று எழுதிக் காட்டினார். "இதுதான் விகிதம். நீ தினமும் செய்யிறது." அவன் அந்த இரண்டு புள்ளியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பின்னம். அதற்கு ரீச்சர் எடுத்தது ஊர்க் கல்வெட்டு. நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொலனறுவையில் இருந்து ஆண்ட சிங்கள அரசன், தமிழில் வெட்டுவித்த ஆணை. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசின் பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி. எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்தக் கல்லை வைத்து ரீச்சர் கணக்குப் போடச் சொன்னார். பன்னிரண்டு குதிரை கரை சேர்ந்தால் அரசனுக்கு எத்தனை, வணிகனுக்கு எத்தனை? நாற்பது மூட்டை மிளகு என்றால்? பாயில் இருந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அரசன் ஏன் குதிரைக்குக் குறைவாக எடுத்தான் என்று அந்தப் பெண் பிள்ளை கேட்டாள். குதிரை வேண்டுமென்றால் குதிரைக்காரனை நொடிக்கவிடக் கூடாது என்று ரீச்சர் சொன்னார். கணக்கு வகுப்பில் பொருளாதாரமும் வரலாறும் ஒரே மூச்சில் வந்துபோனதைப் பார்த்து நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் கலைந்த பிறகு ரீச்சர் நிறையக் கதைத்தார்.

"ஆறாம் வகுப்பில பின்னம் விளங்கேல்லை. ஏழுக்கு ஏத்திவிட்டாச்சு. எட்டுக்கும் ஏத்திவிட்டாச்சு. பதினொண்டு வரைக்கும் கதிரையில இருந்தவன் பிள்ளை, களவெடுத்தவன் மாதிரி ஒளிச்சு ஒளிச்சு. சோதினை வரேக்கதான் எல்லாருக்கும் தெரியுது, அவனுக்கு அஞ்சு வருசமா ஒண்டும் விளங்கேல்லை எண்டு."

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?"

"என்ன சொல்லுறது? தாய் தேப்பனும் அப்பிடித்தான். அவை சின்னனில இடம்பெயர்ந்து திரிஞ்சவை. ஒரு வகுப்பு ஒரு ஊரில, அடுத்தது அகதி முகாமில. பிள்ளை படிக்கோணும் எண்டு ஆசை இருக்கு. எப்பிடி உதவி செய்யிறதெண்டு தெரியாது."

இன்றைய பதினேழு வயதுப் பிள்ளையின் பெற்றோர் அந்த 1990ஆம் ஆண்டு இடம்பெயர்வின் பிள்ளைகள். அதற்கும் முன், 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த 'குமுதினி' படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட கடல் இது. கடல் கடந்து பள்ளிக்கு அனுப்ப ஒரு தாய்க்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று அந்தத் தலைமுறையிடம்தான் கேட்க வேண்டும். போர்நிறுத்தக் காலத்தில் யுனிசெப் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் விட்ட பாடத்தைப் பிடிக்கும் வகுப்புகள் நடந்தன. பிறகு மறுபடி போர். 2020இல் கொரோனா வந்து பள்ளிகள் பூட்டின. 2022இல் எரிபொருளே இல்லாமல் நாடு நின்றபோது படகும் வள்ளமும் தவித்தன. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதம்தான் நடந்தது. நிலையாக ஐந்தாண்டு படிக்க இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் அமைதியான காலத்தைக் கொடுக்கவில்லை.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. இலங்கையில் கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. இந்தியாவில் நாம் கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு 2009 வரை காத்திருந்ததை நினைத்தால் அதன் பெருமை தெரியும். ஐந்து முதல் பதினான்கு வயது வரை பள்ளி கட்டாயம் என்ற விதி 1998 முதல் நடைமுறைக்கு வந்து, 2016இல் பதினாறாக உயர்ந்தது. பிள்ளை வராவிட்டால் விசாரிக்க ஊர் மட்டத்தில் வரவுக் குழு உண்டு. கிராம அலுவலர், அதிபர், சிறுவர் உரிமை உத்தியோகத்தர் என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறது. சிக்கல் பதினாறுக்குப் பிறகு. உயர்தரம், அதாவது பன்னிரண்டாம் பதின்மூன்றாம் வகுப்பு, போகப் பொதுவாக ஆறு பாடங்களில் சித்தி, அதாவது தேர்ச்சி, வேண்டும். அதில் முதல்மொழியும் கணிதமும் கட்டாயம். மூன்று பாடங்களில் அதற்கும் மேலான திறமைச் சித்தி வேண்டும். கணிதம் ஒன்று போனால் மற்ற எல்லாம் இருந்தும் வாசல் அடைபடுகிறது. அந்த நாள் முதல் வரவுக் குழு வீட்டுக்கு வராது. பிள்ளை யாருடைய பட்டியலிலும் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2017இல் 42 பள்ளிகளில் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். சாதாரண தரத்தில் சித்தி பெற்றாலும் பெறாவிட்டாலும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகலாம். தொழிற்பாடப் பிரிவில் படித்து, பதின்மூன்றாம் வகுப்பில் பயிற்சி நிலையத்துக்குச் சென்று, தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழோடு வெளியே வரலாம். அந்தத் தகைமை ஏழு மட்டம் வரை போகிறது. ஏழாவது பட்டத்துக்குச் சமம். செய்து பழகிய வேலையைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் அதில் உண்டு. எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற பையன், வகுப்பில் உட்காராத ஆண்டுகளுக்காக அபராதம் கட்டவேண்டியதில்லை. மகரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எதுவும் வேண்டாம் என்றால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி எழுதலாம்.

இத்தனையும் அக்கரையில் இருக்கின்றன.

ரீச்சரின் விறாந்தையில் இருந்த அந்தப் பெண் பிள்ளைக்குத் தாதி உதவியாளராக வேண்டும் என்று ஆசை. பயிற்சி யாழ்ப்பாணத்தில். தினமும் போய்வந்தால் மாலை வகுப்புக்கு இருக்க முடியாது. தங்கிப் படிக்க விட வீட்டில் சம்மதமில்லை. பாட்டியை யார் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. காலையில் கயிறு பிடித்த பையன் அக்கரை போனால் அன்றைய கூலி போகும். அவனுடைய சிங்களம் சாதாரண தரத்தில் இரண்டாம் மொழிப் பாடமாக எழுதத் தகுந்தது என்று ரீச்சர் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது. யாத்திரிகர்களோடு பேசிப் பேசி வந்த மொழி ஒரு பாடச் சித்தி ஆகும் என்று அதுவரை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இங்கே தமிழ்நாட்டு வாசகர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விறாந்தையில் இருந்த வலைக்காரப் பையன்களில் ஒருவன் படிப்பை விட்ட காரணம் நம் பக்கத்து இழுவைமடி. ஒரே இரவில் அவன் அப்பாவின் வலைகள் அறுந்து போயின. கடன் அடைக்க வள்ளத்துக்கு இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது. இலங்கை 2017இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடைசெய்தது. நம் கரையிலிருந்து போகும் விசைப்படகுகள் இன்னும் அந்தக் கடலை வாருகின்றன. நம் மீனவர் கைதாகும்போது நமக்கு வலிக்கிறது. வலிக்கத்தான் வேண்டும், அவர்களும் கடன்பட்டவர்கள். ஆனால் அக்கரையில் ஒரு வலை அறும்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளியிலிருந்து விழுகிறான் என்பதும் நம் கணக்கில் வரவேண்டும். "இந்தியாவிலயிருந்தோ வந்தனீங்கள்?" என்று அவன் என்னைக் கேட்டான். கோபமில்லாமல்தான் கேட்டான்.

தீவுக்குக் கல்வியைக் கொண்டுபோவது நடக்கக்கூடிய காரியம்தான். வங்காள தேசத்தில் முகமது ரெஸ்வான் என்ற கட்டடக்கலைஞர், வெள்ளத்தில் பள்ளி மூழ்கும் ஊர்களுக்கு 2002இல் பள்ளியையே படகில் ஏற்றினார். படகு பிள்ளைகளைக் கரை கரையாக ஏற்றிக்கொள்கிறது, வகுப்பும் அதிலேயே. நம் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்த பிள்ளை ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது தடவை எழுதலாம். ஒரு பாடம் தேறினால் அது கையில் நிற்கும், அடுத்ததை அப்புறம் பார்க்கலாம். கடலுக்குப் போகிறவனுக்குத் தோதான ஏற்பாடு அது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றாலும், அந்தந்தத் தெருவில் இருக்கிற ஒருவரே மாலையில் படிப்பிக்கலாம் என்று காட்டியது. ரீச்சர் இந்த எதையும் கேள்விப்படாமலேயே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு வயதாகிறது. உயர் கணிதமும் விஞ்ஞானமும் தன்னால் முடியாது என்று அவரே சொல்கிறார்.

தீவில் வேலை இல்லை, படித்து என்ன செய்ய என்று கேட்பவர்கள் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. சூரியத் தகடுகளும் மின்கலங்களும் காற்றாடிகளும் உப்புக்காற்றில் நிற்கப்போகின்றன. அவற்றைப் பராமரிக்கிற ஆள் தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வரவேண்டுமா? எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிற பையன்கள் இறங்குதுறையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சான்றிதழும், அதோடு அந்த ஒரு கணிதச் சித்தியும்.

தீவிலிருந்து போய் வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கோபுரத்துக்கு வர்ணம், தேருக்கு வடம், அன்னதானத்துக்கு அரிசி என்று நீங்கள் அனுப்பும் காசால் இந்தத் தீவு நிமிர்ந்து நிற்கிறது. நானும் உங்கள் சோற்றை வயிறாரத் தின்றேன். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் தங்க ஓர் அறை, கட்டில், மேசை, சமைக்க ஒரு மூலை. கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ பெண்ணோ வாரத்தில் சில இரவுகள் அக்கரை திரும்பாமல் தீவில் தங்குவதற்கு மரியாதையான சம்பளம். பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அக்கரையில் நிலையம் விழுந்தால் அந்த நாட்களில் தங்க இடம். தீவகக் கல்வி வலயத்தோடும் பள்ளி அதிபர்களோடும் கலந்து பேசி, யார் யார் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டார்கள் என்று வீடு வீடாக ஒரு பட்டியல் எடுங்கள். இந்தச் சிறிய தீவில் நடந்தே எடுத்துவிடலாம். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை இதை முதல் பொருளாக வையுங்கள். அறைக்கான காசு ஒரு திருவிழாச் செலவில் சிறு பங்குகூட ஆகாது.